ஆறாவது சக்கரம்

பிளாஸ்டிக் டேங்க்கின் இடது பக்கத்தில் ஆறாவது சக்கரத்துக்கு இடமில்லை.

குமரேசன் ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்துவிட்டான். முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை நூற்றுப் பத்து மில்லிமீட்டர். அதில் ஐந்துதான் உட்காரும். பெட்டியோடு வந்த படத்திலும் ஐந்துதான். ஆனால் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில் மாமனார் தருமன் இருந்தார்.

"மாமா, ஆறுன்னா... ரெண்டு பக்கமும் ஆறுங்களா?"

"எடது பக்கம் ஆறு. வலது பக்கம் அஞ்சு."

"ஒரு பக்கம் ஒண்ணு ஜாஸ்தி வருதே மாமா. நான் என்ன நெனைக்கிறேன்னா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?" என்றார் தருமன்.

"தெரியாது மாமா."

"எடது பக்கம் ஆறு."

போன் வைக்கப்பட்டது.

குமரேசன் வேங்கிக்காலில் நில அளவைப் பிரிவு வரைவாளர். வரப்புச் சண்டைக்காரர்கள் மேஜையைச் சுற்றி நின்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டாலும் அவன் இழுக்கிற கோடு கோணாது. அப்படிப்பட்டவனை நடுங்க வைக்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார். அவர் கீழ்பென்னாத்தூரில் இருந்தார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தருமன் அவனைத் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. பார்ப்பார், அவ்வளவுதான். இமைக்காமல் பார்ப்பார். பெண் பார்க்கப் போன அன்று, "திரும்பிப் போக எத்தினி மணிக்கு பஸ்?" என்று அவர் கேட்க, "அஞ்சரைக்குன்னு நெனைக்கிறேன்" என்று இவன் சொல்ல, அன்று பிறந்த கேள்விதான் இந்த 'நெனைக்கிறீங்களா, தெரியுமா?'

டேங்க் செய்யும் யோசனை அவனுடையதல்ல. ஊரடங்கு சமயத்தில் பொழுது போகாமல் பிளாஸ்டிக் மாடல் ஒட்டப் பழகினான். நாலு விமானமும் ரெண்டு ஜீப்பும் அலமாரியில் நின்றன. மனைவி ஆர்த்தி அவற்றைத் தூசி தட்டும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள். ஆனால் அப்பாவின் எண்பதாம் கல்யாணம் நெருங்கியதும் அவளுக்கே அது தோன்றியது.

"எங்கப்பா டேங்க் ரெஜிமெண்ட்ல இருந்தவரு. எழுபத்தொண்ணு சண்டைக்குப் போனவரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்த டேங்க்கை நீங்க செஞ்சு குடுத்தா எப்படி இருக்கும்?"

"அழகா இருக்கும். ஆனா அவருகிட்ட சொல்லாத. கடைசியில குடுத்துக்கலாம்."

"சொல்லிட்டேன்," என்றாள் ஆர்த்தி.

"என்ன சொன்னாரு?"

"செய்யட்டும், செஞ்சா சரியா செய்யணும், இல்லன்னா வேணாம்னாரு."

அன்றிலிருந்து குமரேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

தேரடித் தெருவில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஸ்ரீபாலுக்கும் இதே பைத்தியம் உண்டு. மாடல் பெட்டிகளை வரவழைத்துக் கொடுப்பவர் அவர்தான். எந்த நாட்டு டேங்க்கில் எத்தனை ஆணி என்பது வரை மனப்பாடம். குமரேசன் ஆறாவது சக்கரத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பில் புக்கைக் கீழே வைத்தார்.

"சார், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அஞ்சுன்னு ஒரு டேங்க் இந்தப் பூமியில கெடையாது."

"அவரு அதுல இருந்தவரு ஸ்ரீபால். நாம படத்துல பாத்தவங்க."

"சண்டையில ஒண்ணு கழண்டு போயிருக்கும். அதைச் சொல்றாரோ என்னவோ."

"கழண்டா கம்மியாகும். இங்க ஜாஸ்தி ஆவுது."

ஸ்ரீபால் பழைய பெட்டிகளைக் கிளறினார். உபரியாகக் கிடந்த ஒரு சக்கரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

குமரேசன் டேங்க்கின் இடது பக்கத்தைக் குறுக்கே அறுத்தான். இருபத்துநாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டை நடுவில் செருகி ஒட்டினான். இப்போது இடப்பக்கம் நீண்டு, வலப்பக்கம் குட்டையாகி, டேங்க் சற்றே திரும்பிப் பார்ப்பது போல் நின்றது. சக்கரங்களைச் சுற்றி வரும் சங்கிலியும் எட்டவில்லை. அதற்கு ஒரு ஒட்டுப் போட்டான். கோடு கோணாத மனிதன் கோணலாக ஒன்றைச் செய்துவிட்டு, அது சரியாக வந்திருக்கிறதா என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதை மைசூர்பாகு டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "வீட்டுல விசேஷங்களா?" என்றாள்.

"இனிமேதான் தெரியும்," என்றான் குமரேசன்.

மாமியார் கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க மாப்ள. நாலு நாளா உங்க மாமா ரோட்டையே பாத்துக்கினு இருக்காரு. சாப்புடக்கூட ஒழுங்கா வர்றதில்ல."

குமரேசன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனான்.

தருமன் நாற்காலியை வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார். டேங்க்கை முழங்கால்மேல் வைத்துச் சக்கரங்களை விரல் வைத்து எண்ணினார். இடது பக்கம் ஆறு. வலது பக்கம் ஐந்து. தலையை ஆட்டினார். குமரேசன் விட்ட மூச்சு சமையலறை வரை கேட்டிருக்கும்.

"கொழா நீளம் பத்தாது."

"பீரங்கிக் கொழாயா மாமா? அளந்துதான்..."

"இன்னும் ரெண்டு மொழம் வரணும். நுனி கொஞ்சம் தொங்கணும்."

"தொங்கணுமா?"

தருமன் பார்த்தார். குமரேசன் நோட்டை எடுத்து 'நுனி தொங்கணும்' என்று எழுதிக்கொண்டான். பேச்சை மாற்ற, தான் மெனக்கெட்டுச் செய்திருந்த ஒன்றைக் காட்டினான்.

"மேல இருக்குற மூடி தெறக்கும் மாமா. கீல் வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"ஆளு உள்ள எறங்கறதுக்கு."

தருமன் நெடுநேரம் அந்த மூடியைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. கோபம்தான் என்று குமரேசன் முடிவு கட்டினான்.

"ஒட்டிடுங்க," என்றார். "எங்களுதுல யாரும் உள்ள எறங்குனதில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் குமரேசன் அந்த வாக்கியத்தை எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்தான். உள்ளே இறங்காமல் டேங்க்கை எப்படி ஓட்டுவது? வயசானதில் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இதை ஆர்த்தியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் முதலில் தனக்குத்தான் ஏதாவது ஆகும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

ரெண்டு முழத்தை மாடல் அளவுக்குச் சிறிதாக்கினால் இருபத்தாறு மில்லிமீட்டர். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ரீஃபிலை வெட்டிக் குழாயோடு சேர்த்தான். நுனி தொங்க வேண்டுமே. மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினான். நுனி தொங்கவில்லை. இன்னும் கொஞ்சம் காட்டினான். நுனி தொங்கியது. கூடவே குழாயைத் தாங்கும் பீரங்கி மேடையின் முகமும் உருகி வழிந்து, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவன் போல் ஆகிவிட்டது. பதறிப்போய் எம்-சீல் பிசைந்து அப்பினான். உருவம் ஒருவாறு திரும்பியது. ஆனால் மேடை உடம்போடு சேர்ந்து இறுகிப்போய்விட்டது. இப்படியும் அப்படியும் திரும்ப வேண்டியது, அசையவே இல்லை.

மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார். போன் போட்டான்.

"மாமா, ஒரு தப்பு நடந்துடுச்சு. மேல இருக்குற மேடை திரும்ப மாட்டேங்குது. ஒட்டிக்கிச்சு."

"அது திரும்பாது."

"ஆமா மாமா, திரும்ப மாட்டேங்குது, அதான்..."

"அது திரும்பவே திரும்பாது. சரியாதான் இருக்குது. நாலு மூலைக்கும் கயிறு கட்ட நாலு வளையம் வைங்க."

தப்பு செய்தது சரியாகிப் போனதில் குமரேசனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் முன்னைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

மூடியை ஒட்டி, நாலு வளையமும் வைத்து, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபாலிடம் ஓடினான். ஸ்ரீபால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் பார்த்தார். வாடிக்கையாளர்கள் பார்க்கக்கூடிய பொருளாக அது அவருக்குத் தோன்றவில்லை.

"நாலு மூலைக்கும் வளையமா? கூடாரம் அடிக்கப் போறாரா உங்க மாமனாரு?"

"தெரியலையே."

"திரும்பாத மேடை, தெறக்காத மூடி, தொங்குற கொழா. சார், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமனாரு பட்டாளத்துல இருந்திருப்பாரு. டேங்க்கு பக்கத்துல போயிருக்க மாட்டாரு."

குமரேசன் அங்கிருந்த பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். இந்த எண்ணம் அவனுக்கும் பத்து நாளாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மாமனாரைப் பற்றி அப்படி நினைப்பதே குற்றம் என்று அதைத் துரத்திக்கொண்டிருந்தான். இப்போது இன்னொரு வாயிலிருந்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஆர்த்தி பத்திரிகைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா போன் பண்ணாரு. ஆம்பூர் பக்கத்துலருந்து கண்ணாயிரம்னு ஒருத்தரு வராராம். ரெஜிமெண்ட்ல கூட இருந்தவராம். அவரு டேங்க்கைப் பாத்துட்டு சொல்லணும்னு சொன்னாரு."

"என்ன சொல்லணும்?"

"சரியா இருக்குதா இல்லையான்னு."

குமரேசனின் கண்முன் மண்டபம் விரிந்தது. முந்நூறு பேர். நடுவில் மாலையோடு தருமன். நிஜ டேங்க்கில் இருந்த ஒரு மனிதர் எல்லார் முன்னாலும் குனிந்து பார்த்துவிட்டு, 'இதென்னடா தருமா, பட்டாளத்துல நீ இன்னாதான் பண்ணே?' என்று கேட்கிறார். எண்பது வயதில், பிள்ளை பெண்டு முன்னால், மனிதர் தலை குனிகிறார். பதினெட்டு வருஷமாக மாமனாரைக் கண்டு பயந்தவனுக்கு முதல் தடவையாக மாமனாருக்காகப் பயம் வந்தது. அந்தப் பயம்தான் இன்னும் கனமாக இருந்தது.

"ஆர்த்தி, ஒருவேளை மாமாவுக்கு டேங்க் பத்தி சரியா ஞாபகம் இல்லாம..."

"எங்கப்பா பொய் சொல்றாருன்னு சொல்றீங்களா?"

"சேச்சே."

மறுநாளே ஸ்ரீபாலிடம் இன்னொரு பெட்டி வாங்கினான். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, வீட்டில் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்ரீபாலின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டினான். இரண்டு பக்கமும் ஐந்தைந்து சக்கரம். நேரான குழாய். திரும்புகிற மேடை, திறக்கிற மூடி. சக்கரத்தில் சேறு, புகைபோக்கியில் கரி, வர்ணம் உரிந்த ஓரங்களில் துரு. தீப்பெட்டியளவு சின்னப் பெட்டிகள் முதுகில் கட்டப்பட்டிருந்தன. ஸ்ரீபால் பார்த்துவிட்டு, "கண்ணாயிரம் சல்யூட் அடிப்பாரு சார்," என்றார். கோணல் டேங்க்கைப் பழைய வேட்டியில் சுற்றி வீட்டு பீரோவின்மேல் வைத்தான் குமரேசன். மாமா கோபித்தால் கோபிக்கட்டும், தலை குனிய வேண்டாம் என்பது அவன் கணக்கு.

எண்பதாம் கல்யாணம் பௌர்ணமியில் வந்து விழுந்தது. செங்கம் ரோடு மண்டபத்துக்கு விடியற்காலையிலேயே போய்விட்டதால் தப்பித்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் கிரிவலக் கூட்டம் ரோட்டை நிறைத்துவிட, போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, தருமனும் கஸ்தூரியும் மேடையில் நாற்காலியில் அமர்ந்ததும், குமரேசன் புது டேங்க்கை எடுத்து அவர் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தான். சுற்றி நின்றவர்கள் ஆவென்று பார்த்தார்கள். போன்கள் நீண்டன.

தருமன் குனிந்து பார்த்தார். பீரங்கி மேடையை விரலால் தொட்டார். திரும்பியது. மூடியைத் தொட்டார். திறந்தது.

"ரொம்ப நல்லா இருக்குது," என்றார். "இது எங்களுது இல்லியே மாப்ள."

குமரேசன் திறந்த மூடியை அவசரமாக மூடினான்.

"நம்மளுது எங்க?"

"மாமா... அது சரியா வரல. பாக்குறவங்க எதனா சொல்லுவாங்களோன்னு..."

"கண்ணாயிரம் வந்துட்டான். கீழ டிபன் சாப்புட்டுக்கினு இருக்கான். சாப்புட்டு மேல வந்தா நான் எதைக் காட்றது?" இமைக்காத அந்தக் கண்களில் தண்ணீர் கோத்திருந்தது. "எடுத்துக்கினு வாங்க மாப்ள."

ஆர்த்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

வண்டி போகாது. குமரேசன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்து சந்தாக நடந்தும் ஓடியும் வேங்கிக்கால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். பீரோவின்மேலிருந்து இழுத்த அவசரத்தில் டேங்க் நழுவி, ஆறாவது சக்கரம் கழன்று உருண்டது. கட்டிலுக்கடியில் படுத்து எடுத்தான். பசை காயும்வரை நிற்க நேரமில்லை. சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, தாம்பாளத்தில் டேங்க்கை வைத்து, மேலே வேட்டியைப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தான். எதிரே வந்த ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று, ஏதோ சாமி போகிறது என்று வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவனும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் நடந்தான். கண்ணாயிரம் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊருக்குப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கண் தெரியாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று.

இரண்டும் நடக்கவில்லை. ஒல்லியாக, விறைப்பாக, காதில் மெஷினும் கையில் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் தருமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னாலிருந்த புது டேங்க்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெச்சிடுங்க மாப்ள," என்றார் தருமன்.

குமரேசன் ஸ்டூலில் வைத்தான். வேட்டியை எடுத்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு சித்தப்பா, "இதென்னப்பா, லாரி ஏறிடுச்சா?" என்றார். ஆர்த்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமரேசன் கட்டைவிரலை இன்னும் சக்கரத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடும். ஆகவே ஓடவும் வழியில்லாமல், ஸ்டூல் பக்கத்தில் குனிந்தபடியே நின்றான்.

கண்ணாயிரம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இடது பக்கச் சக்கரங்களை எண்ணினார். எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் எண்ணினார். தொங்குகிற குழாயை ஒரு விரலால் தூக்கிவிட்டார். அது மறுபடி தொங்கியது. பீரங்கி மேடையை அசைத்துப் பார்த்தார். மூடியைச் சுரண்டிப் பார்த்தார். நாலு மூலை வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

தருமன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குமரேசன், 'மாமா அங்கே என்ன வேலை பார்த்தாரோ, அதைச் சொல்லாதீங்க ஐயா, தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க' என்று கெஞ்ச வாயெடுத்தான்.

அதற்குள் கண்ணாயிரம் நிமிர்ந்தார். உதடு கோணியது. தருமனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய் தருமா, நாம மூங்கிலும் கோணியும் வெச்சுக் கட்டி, கெடைச்ச சக்கரத்தையெல்லாம் மாட்டி மணல்ல நிறுத்துனோமே அந்த டூப்பு டேங்க் அப்படியே இருக்குதுடா, இதை நெசம்னு நம்பித்தானே எதிராளி ப்ளேன்காரன் மூணு நாளு குண்டையெல்லாம் நம்ம தலைமேல கொட்டினான், நெச டேங்க்குல இருந்தவனுங்க அத்தினி பேரும் உசுரோட ஊரு போய்ச் சேந்தானுங்க."